பச்சைச் சுவருக்கு மேல்

அன்புச்செல்வி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, செல்போனை அம்மா வசந்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். படத்தில் யாருடையதோ ஒரு பெரிய வீட்டின் சுவர் தேக்கு நிறத்தில் வரிவரியாகப் பளபளத்தது. இதே டிசைன்தான் நம் டைனிங் சுவருக்கு வரப்போகிறது, புதன்கிழமை ஆள் வருகிறார், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், கதவைத் திறந்துவிட்டால் போதும் என்றாள். வசந்தா படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

மகள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. இந்த உப்பளம் பகுதியில் வீடு கட்டின முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற சீக்குதான் அந்தச் சுவருக்கும். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பச்சை பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உப்பி உதிரும். சுரண்டிப் பட்டி வைத்து அடித்தால் அடுத்த மழை வரைக்கும் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். செல்வி தவளக்குப்பத்தில் தன் வீட்டுக்குப் போன வருஷம் சுவரை மூடுகிற பிளாஸ்டிக் பேனல் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா வீட்டுச் சுவர் அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது. சாம்பார்க் கிண்ணத்துக்குள் பெயின்ட் செதில் விழுந்து கிடந்ததை ஒருநாள் அவள் புருஷன் விமல்ராஜ் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எடுத்து ஓரமாகப் போட்டானாம். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் விட்டிருப்பாள். பேசாமல் எடுத்துப் போட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வசந்தா சாக்குச் சொல்லிப் பார்த்தாள். மழை முடியட்டும் என்றாள். பழைய சுவர், துளை போட்டால் பெயர்ந்து விழும் என்றாள். ஒன்றும் எடுபடாமல் கடைசியில், ஆடி மாசத்தில் சுவரில் ஆணி இறக்கக் கூடாது என்று ஒரு சாஸ்திரத்தையே எடுத்துவிட்டாள். அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷம் அவள் வாயில் பிறந்தது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். போன வாரம் அம்மா அடுப்படியில் இருந்தபோதே அளவெடுத்துக்கொண்டு போய்விட்டாளாம், பேனலை அறுத்தும் வைத்துவிட்டார்களாம்.

சிரித்துக்கொண்டே போனை அப்பாவிடம் காட்டினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த தணிகாசலம் வாங்கி, தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார். "நல்லாருக்கும்மா. யாரு வூடு இது?" என்றார்.

"நம்ம வூடு இப்பிடி ஆவப்போவுதாம்" என்று வசந்தா குறுக்கே விழுந்தாள். செல்விக்கு எரிச்சல் வந்தது. அப்பாவைக் கேட்டால் நீ பதில் சொல்கிறாய், அவரை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விடமாட்டேன் என்கிறாய் என்று கடிந்துகொண்டாள். வசந்தா எச்சில் தட்டுகளை எடுக்கப் போனாள். வாயாடி, புருஷனைப் பேசவிடாதவள் என்று மகளிடமும் தெருவிலும் பெயர் வாங்கியாகிவிட்டது. அந்தப் பெயரை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அவர் பேசினால் மாட்டிக்கொள்வார், அதனால் வாங்கினாள்.

விஷயம் இதுதான். தணிகாசலத்துக்கு மறந்துகொண்டு வந்தது. வயசானவர்களுக்கு மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறக்குமே, அந்த மறதி இல்லை. மில்லில் தறி ஓட்டிய மனுஷன், எந்த ஷிஃப்டில் எவன் எந்தத் தறியில் நின்றான் என்பதை இன்றைக்கும் ஒப்பிப்பார். காலையில் இட்லி சாப்பிட்டோமா என்று கேட்டால் முழிப்பார். பேத்தி கவிநிலாவின் பெயர் போய்விட்டது. மில் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் சில நாள் காலையில் டிபன் கேரியரைத் தேடுவார். வசந்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு முதுகு தேய்த்துவிடும் சாக்கில் பாடம் நடத்துவாள். இன்றைக்குச் செல்வி வருகிறாள், பேத்தி பேர் கவிநிலா, மாப்பிள்ளை பேர் விமல்ராஜ், அவர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனியில் இருக்கிறார். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிச் சிரிப்பார். மகள் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடுவாள். மகளின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பின பிறகுதான் வசந்தாவுக்கு மூச்சு வரும்.

பெற்ற மகளிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்? நல்ல கேள்வி. அடுத்த தெருவில் இருந்த ஆயம்மாவைப் போய்க் கேட்க வேண்டும். ஆயம்மாவின் புருஷனுக்கும் இதே கோளாறுதான். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள், கோபதாபம் எதுவும் இல்லை. உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று சொல்லி, பெரியவன் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போனான், சின்னவன் அம்மாவை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனான். ரெண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள எவன் வீட்டிலும் இடம் இல்லை. மனுஷன் அங்கே அவளைத் தேடித் தேடியே போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போன வசந்தா, ஆயம்மா அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். செல்விக்குத் தெரிந்தால் சும்மா இருப்பாளா? மாமனார் மாமியாரோடு இருக்கிற வீடு அவளுடையது. அங்கே அப்பாவுக்கு ஒரு கட்டில் போடலாம், அம்மாவுக்கும் சேர்த்து எங்கே போடுவது? இன்னொரு பக்கம், கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் போய் உட்கார்ந்து தின்பதா என்று வசந்தாவின் பிறந்த வீட்டு ரத்தம் வேறு கொதிக்கும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

டாக்டரையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். தனியாகப் போய், என் அண்ணனுக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லி யோசனை கேட்டாள். அண்ணனைக் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்றை மட்டும் முடிந்துவைத்துக்கொண்டாள். வீட்டில் எதையும் இடம் மாற்றாதீர்கள், பார்த்துப் பழகியது பழகியபடியே இருக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் நடக்கிறார்கள் என்று சொன்னார்.

அது எவ்வளவு உண்மை என்று பொங்கலுக்கு ஹாலில் வெள்ளையடித்துக் கட்டிலைத் திருப்பிப் போட்டபோது பார்த்துவிட்டாள். தணிகாசலம் அன்றைக்குப் பூராவும் உட்காரவே இல்லை. கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர் மாதிரி கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். கட்டிலைப் பழையபடி போட்ட பிறகுதான் போய்ப் படுத்தார். அது வெறும் கட்டில். டைனிங் சுவர் அப்படியா? சின்ன வீடு, வாசலில் நின்றால் ஹாலைத் தாண்டி நேரே கண்ணில் படுவதே அந்தப் பச்சைதான். அதில் கடிகாரம், அதன் கீழே தேதி காலண்டர், அதன் பக்கத்தில் சட்டை மாட்டும் ஆணி. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே தலை தூக்கி அதைப் பார்ப்பார், பிறகு செருப்பைக் கழற்றுவார். தெருவில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அவர் நுழைகிற வீடு பச்சைச் சுவர் தெரிகிற வீடு. அதைத்தான் மகள் ஆசை ஆசையாக மூடப்போகிறாள்.

திங்களும் செவ்வாயும் வசந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுத்துச் செல்விக்குப் போடுவாள். ஹலோ என்றதும், கவி ஸ்கூலுக்குப் போய்விட்டாளா, என்ன குழம்பு என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஒரே ஒரு வாக்கியம், சொன்னால் வேலை நின்றுவிடும். சொன்னால் எல்லாமே நின்றுவிடும். மனுஷி இரண்டுக்கும் நடுவில் கிடந்து வெந்தாள்.

புதன்கிழமை காலையிலேயே குட்டியானை வேனில் சரக்கு வந்து இறங்கியது. பேனல் போடுகிற முகிலன் நல்ல பிள்ளைதான், செருப்பை வெளியே விட்டு, அம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். நல்லவன் கெட்டவன் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. அவன் கடிகாரத்தைக் கழற்றியபோதே குறுக்கே போய் நின்றாள். பாதிச் சுவருக்குப் போட்டால் போதாதா, ஓதம் இடுப்பு வரைக்கும்தானே, மேலே பச்சையாகவே இருக்கட்டுமே என்று கெஞ்சினாள். பாதியில் நிறுத்தினால் கேவலமாக இருக்கும் என்றான் அவன். வற்புறுத்தவும், செல்விக்கே போனைப் போட்டுக் கொடுத்துவிட்டான். செல்வி அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். உனக்கு நல்லது பண்ண வந்தால் ஏன் இப்படி ஆளைப் படுத்துகிறாய், அப்பாகூட நல்லாயிருக்கு என்றுதானே சொன்னார் என்றாள். அப்பா சொன்னாராம், அப்பா.

சரி, தடுக்க முடியாது என்றானதும் வசந்தா வேறு ஒரு வழி யோசித்தாள். திடீரென்று மாறினதைப் பார்த்தால்தானே திகைப்பார்? மாறுவதைக் கண்ணெதிரே ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே இருந்தால்? நாற்காலியைச் சுவருக்கு எதிரே ஹாலில் போட்டு அவரை உட்காரவைத்தாள். இது நம்ம சுவர், உப்புப் பூத்ததால் இதன் மேலே பலகை போடுகிறோம் என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். முகிலன் பார்க்கும்போது நிறுத்திவிடுவாள், அவன் திரும்பினதும் மறுபடி ஆரம்பிப்பாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், தணிகாசலத்துக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. டிரில் போட்ட சத்தத்தில் வசந்தாவுக்குக் காது அடைத்தது, அவரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார். தறிச் சத்தத்தில் வாழ்ந்த மனுஷன். சுவரைச் சுரண்டித் துளை போட்டு, பிளக் அடித்து, குறுக்குச் சட்டங்களை முடுக்கி, அதன் மேல் ஒவ்வொரு பேனலாக ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டே வந்தான் முகிலன். இரண்டாவது சட்டம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று தணிகாசலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். முகிலன் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாத்தான் இருக்கு ஐயா என்றான். சரியாகத்தான் இருந்தது. தணிகாசலம் விடவில்லை, மேஸ்திரி தோரணையில் அதட்டினார். வசந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பும் வந்தது. மத்தியானம் அவரைக் கூட்டிப்போய் புதுப் பேனலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார், தட்டிப் பார்த்தார், நம்ம செவுரு என்று அவளே சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டவள், தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பொழுது இறங்கினதும் அவர் டீக்குக் கிளம்பினார். அதை யாராலும் மாற்ற முடியாது, அது கால் போகிற பழக்கம். தெருக்கோடியில் சுப்ரமணி டீக்கடை, அங்கே ஒரு டீ, பெஞ்சில் கொஞ்ச நேரம், திரும்பி வந்த வழியே வீடு. இவர் கிளம்பும்போது கடைக்காரர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். இன்றைக்கு வேண்டாம், நான் டீ போட்டுத் தருகிறேன் என்று வசந்தா கையைப் பிடித்தாள். அவர் உதறினார். முகிலன் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான். சரி, கூடவே போகலாம் என்று அவள் முந்தானையைச் செருகினாள்.

அப்போது பார்த்து முகிலன், கடிகாரத்தை எங்கேம்மா மாட்டட்டும் என்று கேட்டான். அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. கடிகாரமும் காலண்டரும் பழைய இடத்தில் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும், அது மட்டும் இருந்தால் அவர் பிடித்துக்கொள்வார் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷ வேலைதானே, சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இங்கே, இதே உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினாள். அங்கே பின்னால் சட்டம் இல்லை, வெறும் பேனலில் ஸ்க்ரூ போட்டால் கிழியும் என்றான் அவன். கொஞ்சம் தள்ளி மாட்டலாம் என்றான். தள்ளியெல்லாம் கூடாது, அங்கேதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவன் சட்டத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான், அவள் பழைய இடத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை. இந்த வழக்கு முடிந்து, கடிகாரம் ஒரு சாண் தள்ளி ஏறினபோது அவள் திரும்பிப் பார்த்தாள். தணிகாசலம் போய்விட்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினவளுக்கு எதிரே செல்வியின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

செல்வி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக் கைதட்டினாள். அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஓட்டல் மாதிரி இருக்கிறது பார், இனிமேல் விமல் வந்தால் தைரியமாக உட்காரவைத்துச் சோறு போடலாம் என்றாள். முகிலன் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினான். டீக்கடை வரைக்கும் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வசந்தா நழுவினாள். "அப்பா இன்னா சின்னக் கொழந்தையா? வருவாரு. நீ வந்து இங்க நின்னு, போட்டோ எடுக்கறேன்" என்று செல்வி இழுத்துக்கொண்டாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பேனல் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் போட்டோவில் அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும், யாரையோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்கிற மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தணிகாசலம் வந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்துத் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். காலை எடுத்துவிட்டார். இரண்டு அடி பின்னால் போய்த் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மறுபடி வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, "ஏம்மா, தணிகாசலம் வூடு எதும்மா? மில்லு தணிகாசலம்" என்று கேட்டார்.

செல்வி பகபகவென்று சிரித்தாள். பேனலைப் பார்த்துவிட்டு அப்பா கேலி பண்ணுகிறார் என்று நினைத்தாள். அடையாளமே தெரியாத அளவுக்கு வீடு மாறிவிட்டதாம், எப்படி நடிக்கிறார் பார் என்று அம்மாவிடம் சொன்னாள். வசந்தாவும் சிரித்தாள். ஆமாம், தமாஷ் பண்றாரு, எப்பவும் இந்தக் கூத்துதான் என்று சொல்லிக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் கையைப் பதமாக விடுவித்துக்கொண்டார். முன்பின் தெரியாத பொம்பளை கையைப் பிடித்தால் ஒரு மரியாதை தெரிந்த ஆம்பளை எப்படி விடுவித்துக்கொள்வானோ அப்படி. இதுவரைக்கும் ஊர் மறந்திருக்கிறது, பேத்தி மறந்திருக்கிறாள், அவளை மட்டும் அவர் தவறவிட்டதே இல்லை. வசந்தாவின் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லா வூடும் ஒரே மாரி இருக்குது" என்றார் அவர். உள்ளே எட்டிப் பார்த்து, "செவுரு நல்லா பண்ணியிருக்கீங்க. எங்க வூட்டுல பூரா உப்பு" என்று பாராட்டினார்.

செல்வியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கிட்டே வந்து, "அப்பா, நான் செல்வி" என்றாள்.

"எம் பொண்ணு பேரும் செல்விதாம்மா. தவளக்குப்பத்துல குடுத்திருக்கேன்" என்றார். அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வசந்தா வாயைத் திறந்தாள். வெயிலில் போய்விட்டு வந்தார், மாத்திரை வேகம், தூக்கம் சரியில்லை என்று இத்தனை நாளும் தயாராக வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட வரவில்லை.

"எத்தினி நாளாம்மா?" என்று செல்வி கேட்டாள்.

"எங்கள பிரிச்சிடாதடி" என்றாள் வசந்தா. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லைதான். ஆனால் செல்விக்கு அது போதுமாயிருந்தது. ஆயம்மா வீட்டுச் சாவுக்கு அவளும் வந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். கிழித்தெறிந்துவிடலாமா என்கிற பார்வை. கிழித்தாலும் அடியில் பழைய பச்சை கிடையாது, சட்டம் அடிக்க வேண்டும் என்று முகிலன் காலையிலேயே அதைச் செங்கல் தெரியச் சுரண்டித் தள்ளியிருந்தான்.

தணிகாசலம் இதற்குள் படியிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். தெருவில் யாரிடம் கேட்பது என்று பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தா பின்னாலேயே இறங்கினாள். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. வயசான பொம்பளை, இவளிடம் சொல்லலாம் என்று நினைத்திருக்க வேண்டும். கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. கொஞ்ச நாளா எனக்கு எதுவும் நெனப்புல நிக்க மாட்டேங்குதும்மா. எங்க வூட்டுக்காரிக்குத் தெரியாது. அவ எது கேட்டாலும் ஆமா ஆமான்னு சிரிச்சுச் சமாளிச்சிக்கினு இருக்கேன். தெரிஞ்சா அவ ஒடஞ்சுபோயிடுவா. இருட்டறதுக்குள்ள என்னெ வூட்டுல சேத்துடுங்க. நான் இப்பிடி வழி கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

முதுகு தேய்த்துவிட்டபோதெல்லாம் அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை ஒன்றும் அறியாத சிரிப்பு என்றல்லவா வசந்தா நினைத்திருந்தாள். அவள் மகளிடமிருந்து அவரை ஒளித்துவைத்திருந்த அத்தனை நாளும், அவர் அவளிடமிருந்து தன்னை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில், யாருக்கு யார் பயந்தார்கள் என்று தெரியாமல் இருவரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குக் கத்தி அழ வேண்டும்போல் இருந்தது, அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கினாள்.

அவர் கையை நீட்டினார். அடித்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் வசந்தா, அந்தக் கையில் தன் கையை வைத்து.

செல்வி படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பாவுக்கு மறுபக்கம் வந்து நின்று, அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அந்த வூடு எனக்குத் தெரியும், வாங்க" என்றாள். "நாங்க ரெண்டு பேருமே சொல்ல மாட்டோம்."